கடலிலிருந்து 1,868 மீட்டர்

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் திரும்பும்போது வெறுங்கையோடு வருவதில்லை. லீக்ஸ், கரட், ஒரு கட்டுப் பூ என்று பஸ்ஸில் ஏதாவது ஏறும். எங்கள் வீட்டுக்கு ஒரு தை மாதத்தில் அப்படி வந்தது ஒரு ஸ்ட்ரோபெரிச் செடி. கறுப்புப் பொலித்தீன் பையில் நாலைந்து இலை, ஒரு வெள்ளைப் பூ, பச்சையாக ஒரு பிஞ்சு. திருகோணமலை, உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில், பின்னேர வெயில் படாத மூலை பார்த்து வைத்தோம். பிஞ்சு பழுத்தது. சுண்டங்காயை விடக் கொஞ்சம் பெரிது, புளிப்பு. மருமகள் அதை நாலாக வெட்டி எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள்.

அதன் பிறகு அந்தச் செடி பூக்கவில்லை. வாடவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. இலை விட்டது. நூல் நூலாகக் கொடி ஓடியது. சட்டிக்கு வெளியே தொங்கிய கொடி நுனிகளில் குட்டிச் செடிகள் முளைத்து, அந்தரத்தில் வேர் தேடின. “மாமா, இது பழம் காய்க்கிறதை மறந்திட்டுதோ?” என்று மருமகள் கேட்டாள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காரணம் தெரியும்: “எங்கட வெயில் அதுக்குத் தாங்காது தம்பி.” ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வைகாசி கழிந்து கச்சான் காற்று தொடங்கியதும் இலை விளிம்புகள் கருகின, ஆனி முடியுமுன் செடி போய்விட்டது. அக்காவின் தீர்ப்பு உறுதியாயிற்று.

செடியைக் கொன்றது வெயில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாசியிலும் பங்குனியிலும் அது பச்சைப்பசேல் என்று நின்றபடியே பூக்க மறுத்ததே, அதற்கு வெயில் பொறுப்பில்லை. திருகோணமலையின் இரவு பொறுப்பு.

இதைச் சொல்வதற்கு முன் செடியின் வம்சத்தைப் பார்த்துவிட வேண்டும். ஸ்ட்ரோபெரி என்றாலே மலை, பனி, கம்பளிச் சட்டை என்று நமக்கு ஒரு படம் இருக்கிறது. உண்மையில் அதன் தாய் வழி ஒரு கடற்கரைச் செடி. நிலாவெளி மணலில் அடம்பன் கொடி படர்வது போல, தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் பசிபிக் கரையோர மணலில் படரும் இனம் அது. அங்குள்ள மாப்புச்சே மக்கள் அதைப் பயிராகவே வளர்த்து வந்தார்கள். காட்டு ஸ்ட்ரோபெரிகள் சுண்டுவிரல் நுனியளவு இருந்த காலத்தில் இதன் பழம் மட்டும் பெரிது.

1712இல் அமெதே பிரான்சுவா ஃபிரேசியே என்ற பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளர், சிலியிலும் பெருவிலும் இருந்த ஸ்பானியக் கோட்டைகளை நோட்டம் பார்க்கப் போனார். வியாபாரி என்ற வேஷம், உண்மையில் உளவு. கோட்டைகளை வரைந்துகொண்டவர், கொன்செப்சியொன் ஊரில் இந்தப் பெரிய பழத்தையும் பார்த்துவிட்டார். 1714இல் அவர் பிரான்ஸ் திரும்பியபோது கப்பலில் உயிரோடு மிஞ்சியவை ஐந்து செடிகள். பல மாதக் கடல் பயணத்தில், மனிதருக்கே அளந்து கொடுத்த நன்னீரில் பங்கு வாங்கிக் காப்பாற்றிய ஐந்து. தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்தவருக்கே அதற்குக் கூலியாக இரண்டைக் கொடுக்க வேண்டி வந்தது. ஒன்று பாரிஸில் மன்னரின் தோட்டத்துக்குப் போனது. ஒன்று பிரெஸ்ட் துறைமுகப் பக்கம் போனது.

பிரான்ஸில் அவை நன்றாக வளர்ந்தன, கொடி விட்டன, காய்க்கவில்லை. சிலிச் செடிகளில் ஆண் வேறு, பெண் வேறு. பெரிய பழம் இருந்த செடிகளாகப் பார்த்து எடுத்து வந்ததால் ஃபிரேசியே கொண்டுவந்தவை எல்லாம் பெண். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து முன்பே ஐரோப்பாவுக்கு வந்திருந்த, பழம் சிறிய ஆனால் கடுங்குளிர் தாங்கும் இன்னொரு இனம் பக்கத்துப் பாத்தியில் நட்டபோதுதான் மகரந்தம் கிடைத்தது. இரண்டு கண்டத்துச் செடிகளுக்கு மூன்றாவது கண்டத்தில் நடந்த கலப்பு. அதன் பிள்ளைதான் இன்று உலகம் முழுக்க விற்கும் ஸ்ட்ரோபெரி. தாயும் தகப்பனும் எவை என்று 1766இல் எழுதி வைத்தவர் அந்துவான் நிக்கொலா டுஷேன். அப்போது அவருக்கு வயது 20ஐ எட்டவில்லை. பெற்றோர் இருவருக்கும் எட்டுத் தொகுதி நிறமூர்த்தங்கள், மொத்தம் 56. எண் பொருந்தியதால்தான் பிள்ளை மலடாகவில்லை.

திருகோணமலைக்காரனுக்கு இந்தக் கதையில் ஒரு தனி ருசி உண்டு. பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து 1781 மார்ச்சில் புறப்பட்ட கப்பற்படையோடுதான் தளபதி சஃப்ரன் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார், 1782 ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து எங்கள் துறைமுகத்தைப் பிடித்தார். அவர்கள் புறப்பட்ட குடாவின் எதிர்க்கரையில், புளூகஸ்தெல் ஊர்ப் பக்கம், அந்தக் காலத்திலேயே ஸ்ட்ரோபெரிப் பயிர் வேர்விடத் தொடங்கியிருந்தது. இரண்டும் ஆழமான இயற்கைத் துறைமுகம், இரண்டிலும் கடற்படை, இரண்டிலும் கோட்டை. ஒன்றின் கரையில் ஸ்ட்ரோபெரி, மற்றதன் கரையில் தென்னை.

ஏன்? தாய்ச் செடி கடற்கரையில்தானே பிறந்தது? பிறந்ததுதான். ஆனால் சிலிக் கரையைத் தொட்டு ஓடுவது ஹம்போல்ட் நீரோட்டம், தென்துருவப் பக்கமிருந்து வரும் குளிர்ந்த நீர். அந்தக் கடல் கரைக்குக் குளிரூட்டி. எங்கள் கடல் அதற்கு நேர் எதிர். உட்துறைமுகத்தில் இரவு இரண்டு மணிக்குக் காலை நனைத்துப் பாருங்கள், நீர் 28 பாகையை ஒட்டித்தான் இருக்கும். நீருக்கு வெப்பம் ஏறுவதும் மெல்ல, இறங்குவதும் மெல்ல. பகல் முழுக்க வாங்கி வைத்ததை இரவு முழுக்கக் கரைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் மார்கழியிலும் எங்கள் விடியற்காலை 24 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காது. கப்பல்களுக்கு நல்லது செய்த அதே ஆழமான கடல், ஸ்ட்ரோபெரிக்கு இரவைக் கெடுத்துவிட்டது.

செடிக்கு இரவில் என்ன வேலை? பகலில் இலை சமைத்த சர்க்கரையை இரவில் செடி மூச்சுவிட்டுச் செலவழிக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் இந்தச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 14 பாகை இரவில் மிஞ்சுவது 25 பாகை இரவில் மிஞ்சாது. குளிர்ந்த ஊர்ப் பழம் இனிப்பதற்கு ஒரு காரணம் இது. மற்றது, குளிரில் பழம் முற்ற நாள் எடுக்கும். வெக்கையில் மூன்று நான்கு கிழமையில் ஓடிப் பழுப்பது, குளிரில் ஆறேழு கிழமை தாயின் மடியில் கிடந்து சர்க்கரை குடிக்கும். என் மருமகள் நாலாக வெட்டிய பழம் புளித்தது வேறெதனாலும் இல்லை.

இது இனிப்புக் கணக்கு. பூக் கணக்கு இன்னும் நுட்பமானது.

பகலின் நீளத்தைப் பார்த்துச் செடிகள் பூக்கின்றன என்று 1920இல் அமெரிக்காவில் கார்னர், அலார்ட் என்ற இருவர் வெளியிட்டார்கள். புகையிலை, சோயா இரண்டிலும் கண்டது. ஸ்ட்ரோபெரியின் பழைய இனங்கள் பெரும்பாலும் குறும்பகல் செடிகள்: பகல் 14 மணித்தியாலத்துக்குக் கீழே குறைந்தால் பூமொட்டு கட்டும். ஆனால் இந்தச் சட்டத்தில் குளிருக்கு ஒரு ரத்து அதிகாரம் உண்டு. வெப்பம் 10 பாகைக்குக் கீழே போனால், பகல் எவ்வளவு நீண்டாலும் மொட்டு வரும். 25 பாகையைத் தாண்டியே நின்றால், பகல் எவ்வளவு குறுகினாலும் பெரும்பாலான இனங்களில் மொட்டு வராது. செடி கொடி விடுவதில் இறங்கிவிடும்.

ஒஸ்லோவை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே குடியேறிய நம்மவர்களுக்கு ஆனி, ஆடி என்றால் ஸ்ட்ரோபெரி மாதம். ஜூனில் அங்கே பகல் 18 மணித்தியாலத்துக்கும் மேல். செப்டெம்பரில் பகல் சுருங்கும், காற்று குளிரும், செடி தன் குருத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத மொட்டுகளைக் கட்டும். பிறகு பனி மூடும். அந்த மொட்டுகள் மே மாதம் பூவாகி, ஜூன் கடைசியில் பழமாகும். அதாவது ஒஸ்லோவில் இந்த வருடம் தின்னும் பழம், போன வருடம் செப்டெம்பரில் முடிவு செய்யப்பட்டது. குளிர் அங்கே செடிக்கு ஒரு நாட்காட்டி.

திருகோணமலையில் மிக நீண்ட பகல் 12 மணி 40 நிமிடத்தை எட்டாது. மிகக் குறுகியது 11 மணி 30 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. வருடம் 365 நாளும் குறும்பகல்! பகல் கணக்கை மட்டும் பார்த்தால் எங்கள் ஊரில் ஸ்ட்ரோபெரி ஓயாமல் பூக்க வேண்டும். வெப்பம்தான் ரத்து செய்கிறது, குறிப்பாக இறங்க மறுக்கும் இரவு வெப்பம். என் விறாந்தைச் செடி எதையும் மறக்கவில்லை. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்துக் கொடி விட்டது.

சரி, அப்படியானால் குளிருக்கு எங்கே போவது? வடக்கே போகத் தேவையில்லை, மேலே போனால் போதும். திருகோணமலையின் வருடச் சராசரி 28 பாகை. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் காற்று சுமார் 6.5 பாகை குளிரும். நுவரெலியா 1,868 மீட்டர். பெருக்கினால் 12 பாகை வருகிறது. 28இல் 12 போனால் 16. நுவரெலியாவின் உண்மையான சராசரியும் 16 பாகைதான். பள்ளிக்கூடக் கணக்கு இவ்வளவு ஒழுங்காக விடை தருவது அபூர்வம், ஆகவே இதை ஒருமுறை நீங்களே செய்து பார்க்கலாம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று ஒரு பகல் பயணத்தில் பஸ் கடந்து போவது, தட்டை நிலத்தில் போனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் விட்டிருக்கக்கூடிய வெப்ப வேறுபாட்டை.

கச்சானும் இந்தக் கணக்கின் மறுபக்கம்தான். தென்மேற்குப் பருவக்காற்று கடல் ஈரத்தோடு மலையில் ஏறுகிறது. ஏறும்போது மழையாகக் கொட்டி ஈரத்தை இழக்கிறது. ஈரக் காற்று ஏறுகையில் குளிர்வது மெல்ல, ஏனென்றால் நீராவி நீராகும்போது வெப்பத்தை விடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது உலர்ந்த காற்று. கிலோமீட்டருக்கு 10 பாகை வீதம் சூடேறிக்கொண்டு வருகிறது. ஏறும்போது குறைந்ததை விட இறங்கும்போது கூடியது அதிகம். நுவரெலியாத் தோட்டத்தில் மழையாக விழுந்த பருவமே, எங்கள் முற்றத்தில் கச்சானாக வந்து ஸ்ட்ரோபெரியைக் கருக்கியது.

இலை விளிம்பு கருகியதற்குக் காற்று மட்டும் காரணமில்லை. குழாய் நீர் நின்ற நாட்களில் நான் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். பயிர்களில் உப்பைச் சற்றும் பொறுக்காத வரிசையில் ஸ்ட்ரோபெரி முன்னால் நிற்கிறது. தென்னைக்கு ஒன்றும் செய்யாத உவர்நீர் இதற்கு நஞ்சு. உப்புக்காற்றில் வாழ்ந்த சிலித் தாயின் பிள்ளைக்கு இப்படியொரு குணம் வந்தது விந்தைதான். பழத்தின் அளவுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததில், தாயின் பல சாமர்த்தியங்கள் வழியில் நழுவிவிட்டன. ஊரின் பெயரிலேயே உவர் இருக்கும்போது நான் யோசித்திருக்க வேண்டும்.

நுவரெலியாவில் 1848இல் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்திலிருந்து ஆட்கள், மாடுகள், விதைகள் என்று ஒரு கிராமத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். லீக்ஸும் கோவாவும் உருளைக்கிழங்கும் மலையில் நிலைத்தன. ஆனால் மலைநாட்டுக் குளிரை இங்கிலாந்துக் குளிர் என்று எண்ணுவது பெரிய பிழை. இங்கிலாந்தில் குளிர் வந்து போகும். நுவரெலியாவில் அது குடியிருக்கிறது. அங்கே மாரியும் இல்லை, கோடையும் இல்லை, வருடம் முழுக்க ஒரே இலையுதிர்காலம். பகல் எப்போதும் குறுகியது, வெப்பம் எப்போதும் மிதமானது. ஆகவே செடிக்கு ஓய்வே இல்லை. ஒரே செடியில் மொட்டு, பூ, பச்சைக்காய், சிவந்த பழம் நான்கையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஒஸ்லோக்காரர் சில கிழமைகள் தின்னும் பழத்தை நுவரெலியாத் தெருவோரத்தில் தையிலும் ஆவணியிலும் விற்பது இதனால்தான்.

ஓயாத காய்ப்புக்கு ஒரு விலை உண்டு. மாரிக் குளிரில் சில கிழமைகள் உறங்கி எழும் செடி, புது வேகத்தோடு பெரிய இலைகள் விடும். உறக்கம் கிடைக்காத செடி நாளடைவில் இலை சிறுத்து, காம்பு குறுகி, பழம் சுருங்கி, களைத்துப்போகும். அதைப் பிடுங்கிப் புதுச் செடி நட வேண்டும். புதுச் செடிக்கு எங்கே போவது? குட்டிச் செடி தருவது கொடி. கொடி வேண்டுமென்றால் நீண்ட பகலோ வெக்கையோ வேண்டும். இரண்டும் மலையில் குறைவு. திருகோணமலையில் கொடி, பழமில்லை. நுவரெலியாவில் பழம், கொடி பஞ்சம். இந்த முரணை மகாராஷ்டிர விவசாயிகள் அழகாகத் தீர்த்து வைத்திருக்கிறார்கள். 2010இல் புவிசார் குறியீடு பெற்ற மகாபலேஷ்வர் ஸ்ட்ரோபெரி, 1,300 மீட்டருக்கு மேலே உள்ள பீடபூமியில் காய்க்கிறது. ஆனால் அதன் நாற்றுகளை மழைக்காலத்தில் கீழே, வாய் என்ற ஊர்ப் பக்கம் வளர்க்கிறார்கள். மேலே வருடத்துக்கு ஐந்து மீட்டருக்கு மேல் மழை. கீழே மழை குறைவு, வெக்கை கூட, கொடி தாராளம். செப்டெம்பரில் நாற்று மலையேறும்.

மலையில் ஸ்ட்ரோபெரி வளர்ப்பவர்களின் பெரிய தொல்லை குளிர் இல்லை, ஈரம். இலையும் பழமும் நனைந்து நின்றால் சாம்பல் பூஞ்சணம் ஒரே நாளில் பழத்தைப் போர்த்துவிடும். அதனால்தான் பொலித்தீன் கூடாரமும், சொட்டு நீரும், தென்னந் தும்புத்தூள் நிரப்பிய பைகளும். கூடாரம் மழையைத் தடுக்கும்போது தேனீயையும் தடுத்துவிடுவதுண்டு. அப்போது பழம் கோணும். காரணம் சுவையானது. நாம் பழம் என்று தின்னும் சிவந்த சதை, தாவரவியலில் பழமே இல்லை. பூவின் அடித்தண்டு வீங்கியது. வெளியே ஒட்டியிருக்கும் விதைகள்தான் பழங்கள், ஒரு ஸ்ட்ரோபெரியில் ஏறக்குறைய 200. ழான் நிட்ச் என்ற ஆய்வாளர் 1950இல், பிஞ்சிலிருந்த இந்த விதைகளைத் தோண்டி எடுத்துப் பார்த்தார். எடுத்த இடத்தில் சதை வளரவில்லை. ஒரு வரிசை விட்டுவைத்தால் அந்த வரிசைக்குக் கீழே மட்டும் வளர்ந்தது. விதை அனுப்பும் ஒக்சின் என்ற சுரப்பே சதையை வீங்கச் சொல்கிறது. மகரந்தம் சேராத விதை மௌனமாக இருக்கும், அந்த இடம் பள்ளமாகும். கோணல் ஸ்ட்ரோபெரியைக் கையில் எடுத்தால் தேனீ எங்கே உட்காரவில்லை என்று விரலால் தடவிச் சொல்லிவிடலாம்.

நுவரெலியாவிலும் குளிர் எல்லை மீறும் நாட்கள் உண்டு. தை, மாசியில் முகிலில்லாத, காற்றில்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம் என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். விடியும்போது புல்வெளி வெள்ளையாக இருக்கும். ஸ்ட்ரோபெரியின் விரிந்த பூ மைனஸ் 1 பாகையிலேயே கெடும். இதழ் வெள்ளையாகத்தான் நிற்கும், நடுவில் உள்ள மஞ்சள் குமிழ் கறுத்துப்போகும். அந்தப் பூ இனிக் காய்க்காது.

மெய்யான குளிர்நாட்டார் இதற்குச் செய்வது கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். உறைபனி இரவில் பயிருக்கு மேலே தண்ணீர் தெளிக்கிறார்கள். ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாகும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. உறைந்துகொண்டே இருக்கும் வரை பூவின் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே இறங்காது. கண்ணாடிக் கூட்டுக்குள் பூ பத்திரம்; ஆனால் பனி உருகும் வரை தெளிப்பதை நிறுத்தக்கூடாது, இடையில் நிறுத்தினால் ஆவியாதல் இன்னும் குளிர்வித்துக் கொன்றுவிடும். கனடாவில் மாரிக்கு முன் செடிகளை வைக்கோலால் மூடுகிறார்கள். மைனஸ் 10 பாகைக்கு அப்பால் குருத்து சேதமாகும். வைக்கோலும் அதன் மேல் விழும் பனியும் சேர்ந்து கம்பளி. வெளியே மைனஸ் 25 இருக்கும்போது பனிக்கடியில் செடி அதன் உறக்கத்தில் இருக்கும். ஜூனில் தொராண்டோவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாளியோடு வரிசை வரிசையாகக் குனிந்து பழம் பிடுங்கும் குடும்பங்களில் திருகோணமலைக் குடும்பங்களும் உண்டு. உறவினர் அனுப்பும் படங்களைப் பார்த்து எனக்கு இதெல்லாம் பொறாமையாக இருந்திருக்கிறது.

குளிரூட்டிய அறை, செயற்கை ஒளி என்று வைத்தால் திருகோணமலையிலும் ஸ்ட்ரோபெரி விளையும். பாலைவன நாடுகளில் விளைகிறது. ஆனால் அது 1,868 மீட்டரை மின்சாரக் கட்டணத்தில் ஏறுவது; என் கணக்கில் கட்டாது. நாட்காட்டியைப் பாராமல் பூக்கும் இனங்கள் உண்டே என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் யூட்டா மலைகளில் கிடைத்த காட்டுச் செடியிலிருந்து அந்தக் குணத்தை எடுத்து, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 1979இல் அப்படிப்பட்ட இனங்களை வெளியிட்டார்கள். அவை பகலின் நீளத்தைத்தான் பாராது இருக்கும். 26 பாகை இரவைப் பார்த்தால் அவையும் மலைக்கும்.

ஆகவே என் சட்டியில் இப்போது தூதுவளை. ஸ்ட்ரோபெரிக்கு நான் மலையேறுவதே நியாயம் என்று விட்டுவிட்டேன். நீங்களும் போனால் ஒன்று கவனியுங்கள். கறுத்தக்கொழும்பான் மாங்காயைப் பிடுங்கி வைக்கோலில் வைத்தால் பழுக்கும். ஸ்ட்ரோபெரி அந்தச் சாதி இல்லை. செடியை விட்டு வந்த பிறகு நிறம் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது. பச்சைக் காம்போரம் வெள்ளையாக இருக்கும் பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். காம்பு வரை சிவந்ததாகப் பார்த்து வாங்கி, கண்டி வருவதற்குள் தின்று முடித்துவிடுங்கள். ஹபரணையைத் தாண்டினால் வெக்கை தொடங்கிவிடும்.